எது உதவி?

பெங்களூரு அல்சூர் ஏரியை ஒட்டி மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் உள்ளது. 1780-இல் தோன்றிய இப்படையின் வீரர்கள் போர்ப் பயிற்சியோடு பாலம் கட்டவும் சாலை அமைக்கவும் பயில்கின்றனர். நம் சிப்பாய்களில் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். பிள்ளைகள் அப்போது படித்துக்கொண்டிருப்பர். அத்தகையவருக்கு வெளிநாட்டில் ஒரு வேலை தேடித் தருவது நற்செயலே. ஆனால், எத்தகைய வேலை?

இலங்கையில் உள்நாட்டுப் போர் 2009-இல் முடிந்தது. 2022-இல் பொருளாதார நெருக்கடி அந்நாட்டை வாட்டியது. அதன்பின், ஓய்வுபெற்ற படைவீரர் பலரை முகவர்கள் நல்ல சம்பளம், போர்முனை சாராத பணி என்று ஆசை காட்டி ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் அனுப்பினர். அவர்களுள் பலர் போர்முனையில் நிறுத்தப்பட்டதும் சிலர் மாண்டதும் 2024-இல் வெளியாயின. அந்த முகவர்களும் ‘வேலை தேடித் தருகிறோம்’ என்றே சொன்னார்கள்.

‘அவர்களே விரும்பித்தானே சென்றார்கள்?’ எனலாம். உண்மையை மறைத்துப் பெற்ற இசைவு இசைவாகாது. முகவர் கண்டது துப்பாக்கி ஏந்தும் கையை மட்டுமே. அதே கை பாலமும் கட்டும் என்று காண்பவரே உதவி செய்பவர்.

ஒப்பந்தத்தைப் படித்து விளக்குவதும், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என விசாரிப்பதும் சேவையின் பகுதிகளே. ‘என் மகனை அங்கே அனுப்புவேனா?’ என்று நம் நெஞ்சைக் கேட்போம். அனுப்பமாட்டோம் எனில், பிறர் மகனை அங்கே அனுப்புவது உதவியன்று.