உளிகளுக்கு ஓர் இல்லம்

பணி ஓய்வு பெற்ற பின் மனிதன் துணியும் காரியங்கள் சில வேடிக்கையானவை. காந்திபுரத்தில் நூறடிச் சாலையின் இரைச்சல் எட்டும் தொலைவில் குடியிருக்கும் நான், அறுபது வயதைக் கடந்து மரவேலை பயிலத் தொடங்கினேன். முதலில் செய்யத் துணிந்தது ஒரு பெட்டி. தச்சுத் தொழிலாளியான என் தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வைப்பதற்கான பெட்டி.

ஆறு உளிகள், இரண்டு இழைப்புளிகள், ஒரு கைவாள், மூலைமட்டம், கொட்டாப்புளி, ஒரு சாணைக்கல். இவை இருபது ஆண்டுகளாக மாடிப்படியின் கீழே கோணிப்பையில் கிடந்தன. ஒன்றோடொன்று உரசி உளிகளின் கூர் மழுங்கியிருந்தது, துருவும் ஏறியிருந்தது. இவற்றுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று எண்ணினேன். அந்த எண்ணம் முழுவதும் தூயதாய் இருந்ததா என்பதே என்னை உறுத்தும் கேள்வி.

கருவிப்பெட்டி செய்யக் கருவிகள் வேண்டும், அவையோ தீட்டப்படாதவை. உளியின் தட்டைப் பக்கத்தைச் சமமாக்காமல் சாய்வுப் பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் கூர் வராது என்பதை ஒரு வாரம் வீணாக்கிய பின்பே அறிந்தேன். அடுத்து, பெட்டியின் மூலைகளை ஆணியால் அறைந்துவிடலாம் என்றிருந்தேன். எங்கள் தெருவில் மரவேலை செய்யும் இளைஞர் கண்டு சிரித்தார். பலகையின் முனையில், நார்வாட்டத்தில் அடிக்கும் ஆணி நெடுநாள் பிடிக்காது. கருவிகளின் எடையில் மூலை பிரிந்துவிடும். ஒரு பலகையின் முனையைப் புறாவின் வால்போல் விரிந்த வடிவில் அறுத்து, மற்றதில் அதற்கேற்ற பள்ளம் செதுக்கிப் பொருத்தினால், பசை தளர்ந்தாலும் அந்த வால் இழுபட்டுக் கழன்றுவிடாது. அடிப்பலகையையும் இறுக்கி அறையலாகாது. மரம் ஈரத்தில் அகலவாட்டில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆகவே நாற்புறமும் பள்ளக்கோடு வெட்டி, சிறிது இடைவெளி விட்டுச் செருக வேண்டும். நான் இடைவெளி விட மறந்தேன். அடுத்த மழையில் ஒரு பக்கம் பிதுங்கியது. இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆங்கில அரசரின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1545-ஆம் ஆண்டு மூழ்கியது. 1982-இல் அதன் உடற்பகுதி கடலிலிருந்து தூக்கப்பட்டது. அக்கப்பலில் தச்சரின் அறை இருந்தது. அவருடைய கருவிகளும் கிடைத்தன. இரும்பு பெரும்பாலும் அரித்துப் போயிருக்க, மரக் கைப்பிடிகளும் இழைப்புளிகளின் மரக்கட்டைகளும் எஞ்சி நின்றன. எந்தக் கையில் அவை தேய்ந்தனவோ, அந்தக் கைக்கு உரியவரின் முகம் நமக்குத் தெரியாது. என் தந்தையின் உளிப்பிடியிலும் கட்டைவிரல் பதிந்த ஒரு குழிவு உண்டு. என் விரல் அதில் பொருந்தவில்லை.

பொருந்தாததற்குக் காரணம் உண்டு. பள்ளி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'சொந்தத் தொழில்' என்றே எழுதிக்கொடுத்தேன். பின்னர் அலுவலகத்திலும் அவ்வாறே. தச்சு வேலை என்று எழுத என் பேனா கூசியது. அவர் அதைப் படித்தாரா என்பது இன்றுவரை தெரியாது, கேட்கவும் துணிவில்லை.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சர் என்று குறிப்பிட்டு, அதனாலேயே அவரை ஏற்கத் தயங்குகின்றனர். அதே நிகழ்ச்சியை எழுதும் மத்தேயு, தச்சருடைய மகன் என்கிறார். அந்தச் சிறு மாற்றத்தின் காரணத்தை அறிஞர்கள் ஆராயட்டும். எனக்கோ அந்த இரு சொற்களுக்கும் நடுவே நான் ஒளிந்திருந்த இடம் தெரிகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். அத்திருநாள் திருப்பலிகளில் ஆண்டுதோறும் நான் பங்கேற்றிருக்கிறேன். வீட்டில் இருந்த தச்சரின் தொழிலை மட்டும் மறைத்தேன்.

ஆகவே, அன்பரே, இந்தப் பெட்டி மரியாதையா, அல்லது காலந்தாழ்ந்த பரிகாரமா? உயிரோடு இருந்தபோது மறைத்தவரை இறந்தபின் அலங்கரிப்பது எளிது. அந்த இளைஞர் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா. ஆனா உள்ளேயே வெச்சிருந்தா உளி மறுபடியும் துருப்புடிச்சுப் போயிடுமுங்க." அவரிடம் மின்சார இயந்திரங்கள் உண்டு, கதவுக் கீல் பதிக்க மட்டும் கால் அங்குல உளியைக் கேட்டார். எனக்குக் கொடுக்க மனமில்லை. அது என் தந்தையுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை ஆண்டு கழித்து அந்தச் சொல் என் வாயில் வருகிறது என்று எண்ணியதும் நா எழவில்லை. கொடுத்துவிட்டேன்.

சென்ற வாரம் வாங்கிச் சென்றவர் இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை அவருடைய பட்டறை வரை நடந்தேன். உள்ளே கொட்டாப்புளி உளியைத் தட்டும் ஓசை கேட்டது. சற்று நேரம் வாசலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.