கணக்குக் கேட்கும் உரிமை

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கம் நெசவாளிக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுக்கிறது. நெய்து வந்த சேலையை மறுபடி எடை போட்டு, விரித்து, உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்த்து வாங்கிக்கொள்கிறது. கூலி போதுமா என்பது தனி வழக்கு. பார்க்கும் முறையில் குறை சொல்ல இடமில்லை. சேலையைத் தடவிப் பார்ப்பவருக்குத் தறி தெரியும். அதே ஊரில் கல்லூரி ஆசிரியரின் வேலையைப் பார்ப்பது யார், எதை வைத்துப் பார்ப்பது?

1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் செனட், சிண்டிகேட், கல்விக்குழு என்று அவைகளை அமைத்தது. ஆசிரியர்களும் பட்டதாரிகளும் தேர்தல் வழியே செனட்டுக்குள் வந்தார்கள். அரசியல், கோஷ்டி எல்லாம் இருந்தன. ஆனாலும் பாடம் நடத்துபவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. 1985-இல் பிரிட்டனில் பல்கலைக்கழக நிர்வாகத்தை ஆராய்ந்த ஜாரட் குழு வேறொரு வழி காட்டியது. துணைவேந்தர் ஒரு நிறுவனத்தின் தலைமை நிர்வாகியைப் போலவும் செயல்பட வேண்டும், துறைகளின் செயல்திறனைக் குறியீடுகளால் அளக்க வேண்டும் என்றது. இங்கே 2000-இல் முகேஷ் அம்பானியும் குமார் மங்கலம் பிர்லாவும் பிரதமரின் வணிக, தொழில் ஆலோசனை மன்றத்துக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். உயர்கல்வி பயன்படுத்துபவரே பணம் கொடுக்க வேண்டிய சேவையாக அதில் பேசப்பட்டது. 2016-இல் கல்வி நிறுவனங்களுக்குத் தேசியத் தரவரிசையும் வந்துவிட்டது.

இவற்றுக்கு நடுவே, 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியதுதான் வகுப்பறையை நேராகத் தொட்டது. மதிப்பீட்டாளர் பார்த்த ஆய்விதழில் ஒரு கட்டுரைக்கு 15 புள்ளி, மற்ற இதழுக்கு 10. பதவி உயர்வு இந்தக் கூட்டலில் தொங்கியது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காளான்களாய் முளைத்தன. 2018 மே மாதம் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. புள்ளிக்காக எழுதியவர்களில் பலர் இயல்பிலேயே ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நேர்மையாக இருப்பவர் பின்தங்கும்படி ஒரு விதி அமைந்தால், அந்த விதியை எழுதியவருக்கும் பழியில் பங்கு உண்டு.

ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். முகூர்த்த மாதங்களில் கோர்வைக்குக் கை கொடுக்கத் தறியில் உட்கார வேண்டியிருக்கிறது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது. ஓர் ஆசிரியை அந்த வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசி, விட்டுப்போன பாடத்தை மாலையில் சொல்லித் தருகிறார். அந்த மாலைகளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கல்லூரிக்குத் தரச்சான்று தரும் தேசியக் குழுவின் ‘நாக் விசிட்’ நெருங்கும்போது ஜியோ டேக் போட்ட புகைப்படங்களையும் ஃபைல்களையும் தயார் செய்ய அதே மாலைகள் வேண்டியிருக்கின்றன. எதை விடுவது என்பதை அவரே முடிவு செய்யும்படி தனியாக விட்டுவிடுவதுதான் இந்த நிர்வாக முறையின் கொடுமை.

இதற்கு மாற்றாகப் பழைய சுயாட்சியைப் போற்றிவிட்டுப் போகவும் முடியாது. பல்லவர் காலக் காஞ்சியின் கடிகை பெரும் கல்விக்கூடம். இரண்டாம் நந்திவர்மனை அரசனாக அழைத்து வந்தவர்களில் கடிகையாரும் இருந்ததை வைகுண்டப் பெருமாள் கோயில் சொல்கிறது. அவ்வளவு செல்வாக்குப் பெற்ற அவை வேதம் கற்றவர்களுக்கானது, நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கானதன்று. நம் காலத்திலும் வகுப்புக்கே வராத சக ஆசிரியரைச் சங்கமும் துறையும் சேர்ந்து காப்பாற்றியதுண்டு. ஆகவே கணக்குக் கேட்கத்தான் வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அப்படிக் கேட்டது. ஊர்ச் சபையின் குழுக்களான வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்களின் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. ஒழுங்காக இருந்தவரும் மூன்று ஆண்டு விலகி நிற்க வேண்டும். நிலமுள்ள பிராமணர்களின் சபை அது, அந்தக் குறை சிறியதன்று. ஆனால் கேட்டவர்களும் அந்த ஊர்க்காரர்கள்; ஏரி உடைந்தால் அவர்கள் வயலும்தான் நீரில் போகும்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை கல்லூரிகளுக்கு நிர்வாகக் குழுமங்களை முன்வைக்கிறது. புதிய உறுப்பினர்களை அந்தக் குழுமமே தேர்ந்தெடுக்கும். 2025 ஜனவரியில் யுஜிசியின் வரைவு விதிகள் தொழில்துறையினரும் துணைவேந்தராகலாம் என்றன. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாநில உரிமை பற்றிய அந்தக் குரல் நியாயமானது. ஆனால் பல்கலைக்கழகத்தின் வேந்தர் மாநில ஆளுநரா முதல்வரா என்ற சர்ச்சை தீர்ந்த பிறகும் கல்லூரிக்குள் கேள்வி மிச்சமிருக்கும். குழுமம் அமையத்தான் போகிறது என்றால், அதில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர்களும் மாணவர்களும் பிள்ளைகளை அனுப்பும் ஊராரும் பாதிக்குக் குறையாமல் உட்கார வேண்டும். பதவிக்காலம் முடிந்தவர் விலக வேண்டும். கல்லூரியின் வரவு செலவும், படிப்பை நடுவில் விட்டுப் போன பிள்ளைகளின் எண்ணிக்கையும், அவர்கள் ஏன் போனார்கள் என்பதும் ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஊரார் முன்னிலையில் தமிழில் படிக்கப்பட வேண்டும்.