சொட்டுவது யார் வீட்டுத் தண்ணீர்?

நீங்கள் வாடகை வீட்டில் இருப்பவரா? அப்படியென்றால் இந்த உரையாடல் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

‘சார், பாத்ரூம் குழாய் ஒழுகுது.’

‘அப்படியா? நாளைக்கே ஆள் அனுப்பறேன்.’

ஆள் வரமாட்டார். அடுத்த வாரம் கேட்டால், ‘பிளம்பர் ஊருக்குப் போயிருக்கான்.’ மூன்றாவது தடவை கேட்டால் பதில் கொஞ்சம் சூடாக வரும். ‘நீங்க குடி வர்றப்போ நல்லாத்தானே இருந்துச்சு?’

அதோடு வாயை மூடிக்கொள்வீர்கள். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தம் முடியப் போகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். ஒரு குழாய்க்காக வீடு மாற முடியுமா?

நீங்கள் வீட்டுக்காரர் என்றால் உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கும். ‘வர்ற வாடகை பேங்க் கடனுக்கே சரியாப் போகுது. பல்பு போனாலும் நான், குழாய் போனாலும் நானா?’

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால், யார் பக்கம் நியாயம் என்று முடிவாகும்வரை குழாய் காத்திருப்பதில்லை. அது பாட்டுக்குச் சொட்டுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். விநாடிக்கு ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஏறக்குறைய 4,000 சொட்டு சேர்ந்தால் ஒரு லிட்டர். ஆக, தினம் 20 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. நம்ப முடியாவிட்டால் ராத்திரி ஒரு வாளியை வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் வாளியே சொல்லும்.

இந்தத் தண்ணீர் வீட்டுக்காரருடையதா, குடித்தனக்காரருடையதா? இரண்டு பேருடையதும் இல்லை. 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நடைக்குச் சுமார் 25 லட்சம் லிட்டர். ஒன்றேகால் லட்சம் குழாய்கள் ஒரே ஒரு நாள் சொட்டினால் அந்த ரயில் முழுக்கக் காலி! இத்தனை பெரிய ஊரில் ஒன்றேகால் லட்சம் என்பது பெரிய எண்ணிக்கையா என்ன?

சரி, செலவு யாருடையது? சட்டம் இதைக்கூட விட்டு வைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, பைப்புகளை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயையும் அதன் வாஷரையும் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் பைப் கசிந்தால் அவர், குழாய் முனையில் சொட்டினால் நீங்கள். பல பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாஷருக்காக ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்!

ஆனால், நான் சொல்ல வந்தது சட்டம் இல்லை. ‘யார் காசு கொடுக்க வேண்டும்?’ என்பது ஒரு கேள்வி. ‘யார் நிறுத்த வேண்டும்?’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை இரண்டாவதைத் தொடமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறோமே, அங்கேதான் தப்பு. காசு விஷயத்தில் பதில் எதுவாகவும் இருக்கட்டும். நிறுத்துவதற்கு ஒரே பதில்தான். யார் கண்ணில் படுகிறதோ, யார் கைக்கு எட்டுகிறதோ, அவர்.

‘அப்போ நான்தான் இளிச்சவாயனா? இன்னிக்குக் குழாய், நாளைக்கு மோட்டார், எல்லாம் என் தலையிலயா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. சரிசெய்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று யார் சொன்னது? தண்ணீரை நிறுத்துங்கள், பில்லை வாங்கி வையுங்கள், பிறகு உரிமையோடு பேசுங்கள். பயத்தில் வாயை மூடிக்கொள்வதற்குப் பெயர் பொறுமை இல்லை. அதேபோல, கோபத்தில் தண்ணீரை ஓடவிடுவதற்குப் பெயர் போராட்டமும் இல்லை. அந்த நஷ்டம் உங்கள் வீட்டுக்காரருக்கு உறைக்கவே போவதில்லை. தெருக்கோடியில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கிற அம்மாவுக்குத்தான் உறைக்கும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் குறை சொல்ல வருகிறவர் பத்துத் தடவை யோசித்துவிட்டுத்தான் வருகிறார். ‘காலி பண்ணுங்க’ என்று சொல்லும் சக்தி உங்களிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. சக்தி எந்தப் பக்கம் அதிகமோ, முதல் அடி எடுத்து வைக்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான். ஒரு போன் போட்டு, ‘நீங்களே மாத்திடுங்க, வாடகையில கழிச்சுக்கலாம்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நம் வீடுகளில் ஒரு தந்திரம் உண்டு. சொட்டுகிற சத்தம் தூக்கத்தைக் கெடுத்தால், குழாய் முனையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிடுவோம். தண்ணீர் நூல் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிவிடும். நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.

குழாய்க்கு மட்டுமா கட்டுகிறோம்? எரியாத தெருவிளக்கு, மூடியில்லாத சாக்கடை, அபார்ட்மென்ட் மாடியில் நிரம்பி வழிகிற டேங்க்... ‘அது அசோசியேஷன் வேலை’, ‘அது கார்ப்பரேஷன் வேலை’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வைத்திருக்கிறோம். சொல்வது பொய்யும் இல்லை, அது அவர்கள் வேலைதான். ஆனாலும், அந்தப் பதில் நம் தூக்கத்தைத்தான் காப்பாற்றுகிறது, தண்ணீரை இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நூலை அவிழ்த்துவிட்டு, ஒரு வாஷர் வாங்கி வாருங்களேன்.