பசையும் பற்றும்

தமிழில் ‘பசை’ என்னும் சொல் தாளோடு தாளை ஒட்டுவதையும் குறிக்கும். உள்ளத்தோடு உள்ளத்தை ஒட்டும் அன்பையும் குறிக்கும். ‘பற்று’ என்னும் சொல்லும் அத்தகையதே. தலைவலிக்கு அரைத்து நெற்றியில் இடுவது பற்று. மக்கள்மீதும் பொருள்மீதும் மனம் கொள்ளும் பிடிப்பும் பற்று. கணக்கேட்டில் கடனாக ஏறுவதும் பற்று. ஒட்டுதலையும் அன்பையும் கடனையும் ஒரு சொல்லில் அடக்கிய முன்னோர், பெரியதொரு வினாவையும் அதனுள் வைத்துச் சென்றனர். ஒன்றைக் காக்க விரும்புகிறவன் அதனை எவ்வளவு இறுகப் பிடிக்கலாம்?

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒரு படத்துக்குச் சட்டம் போடும் சிறு தொழிலே போதும்.

1894 இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவிய பின்னர், செல்வர் மாளிகைகளில் மட்டும் இருந்த ஓவியம் எளியோர் இல்லங்களுக்கும் எட்டியது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898-1976) போன்ற ஓவியர்களின் தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளாக ஊரெங்கும் பரவின. கடல் கடந்து வந்த தமிழரின் வாழ்விலும் இத்தகைய படங்கள் இடம்பெற்றன. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில், லயத்து வீட்டுச் சுவர்கள் முருகன் படத்தையும் மறைந்த பெற்றோரின் நிழற்படத்தையும் தாங்கி நின்றன. மண் சொந்தமில்லை; வீடும் சொந்தமில்லை. சுவரில் மாட்டிய தாள் மட்டுமே சொந்தம்.

அந்தத் தாளைக் காக்க அன்புடையார் செய்தது யாது? மைதாமாப் பசையை முதுகெங்கும் பூசி, மலிவான அட்டையில் அழுத்தி ஒட்டினர். சட்டத்தில் அடங்காத விளிம்பை வெட்டினர். கண்ணாடியைத் தாளின் மேலேயே பதித்து ஆணி அடித்தனர். எண்ணம் தூயது, விளைவோ வேறு.

தாள் உயிரற்றதாயினும் அசைவற்றது அன்று. அது மரநாராலும் செடிநாராலும் ஆனது. காற்றில் ஈரம் மிகுந்தால் விரியும், குறைந்தால் சுருங்கும். கோல சிலாங்கூரோ ஆறு கடலோடு கலக்கும் ஊர். ஒருபுறம் கண்டற்காடு, வடக்கே தஞ்சோங் காராங்கின் நெல்வயல். நண்பகலில் தகரக் கூரை கொதிக்கும். மாலை மழையில் குளிரும். அசைய விரும்பும் தாளை அசையாப் பசை தடுக்கும்போது, அது நெளிந்து, மடிந்து, இறுதியில் கிழியும். மலிவு அட்டையின் அமிலம் ஊறித் தாள் பழுப்பேறும். கண்ணாடியில் வியர்க்கும் நீரால் படத்தின் முகமே அதனோடு ஒட்டிக்கொள்ளும். காத்தவன் கையே கெடுத்த கையாகும்.

தாளோவியங்களைப் பேணும் வல்லுநர் கையாளும் மிதவை முறை இதற்கு மாறானது. அமிலமற்ற அட்டையின் மேல் தாள் மிதப்பது போல் நிற்கும். அதன் நான்கு விளிம்பும் மறைவின்றித் தெரியும். முதுகில் மேல்விளிம்பையொட்டி, முசுக்கட்டை இனச் செடியொன்றின் பட்டை நாரால் ஆன மெல்லிய ஜப்பானியத் தாளின் சிறு துண்டுகள் சில கீல்கள்போல் ஒட்டப்படும். ஒட்டுவது கோதுமை மாச்சத்துப் பசை. சிறிது ஈரம் காட்டினால் பிடியை விட்டுவிடும். கண்ணாடி தாளைத் தொடாதிருக்கச் சட்டத்தின் உட்புறம் மெல்லிய கட்டைகள் வைக்கப்படும்.

இம்முறையின் உயிர்நாடி ஒரு விதியில் இருக்கிறது. கீல் படத்தின் தாளைவிட வலிமை குறைந்ததாக இருத்தல் வேண்டும். சட்டம் கீழே விழுந்தாலும், ஈரத்தால் தாள் பெரிதும் இழுபட்டாலும், முதலில் கிழிவது கீலாகட்டும்; படம் பிழைக்கட்டும். கீலை மீண்டும் செய்துவிடலாம். படத்தைச் செய்ய முடியாது. காப்பது எதுவோ அது காக்கப்படுவதற்காகத் தன்னை இழக்கச் சித்தமாக இருக்க வேண்டும் என்னும் அறம் ஒரு விரலளவுத் தாள்துண்டில் அடங்கிவிடுகிறது.

படம் பெரிதாயின் என் செய்வது? பெரிய தாளுக்கு மிகுதியான பசை வேண்டும் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது. பெரிய தாள் மிகுதியாக விரியும், மிகுதியாக நெளியும். ஆகவே கண்ணாடிக்கும் அதற்கும் இடையே கூடுதலான இடைவெளி வேண்டும். கீல்களின் எண்ணிக்கை கூடலாம். ஒவ்வொன்றின் பிடியும் மென்மையாகவே இருத்தல் வேண்டும். பொருள் பெரிதாகுந்தோறும் அதற்குத் தர வேண்டிய இடமும் பெரிதாகிறது. வளரும் பிள்ளையை வளர வளர இறுக்கிப் பிடிக்கும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை இது.

விளிம்பை மறைக்காமையிலும் ஓர் அறம் உண்டு. ஓரத்தில் கிழிசல் இருக்கலாம். அச்சகத்தின் பெயர் இருக்கலாம். கற்பூரப் புகை படிந்த கறை இருக்கலாம். அவை அப்படத்தின் வரலாறு. சட்டத்துக்காகப் படத்தை வெட்டுவது, ஏட்டில் இடம் இல்லை என்று வரலாற்றைச் சுருக்குவது போன்றது. படத்துக்கேற்பச் சட்டத்தைச் செய்வதே நேர்மை.

இங்கே ஒரு தடை எழலாம். பிடி தளர்ந்தால் பொருள் வீழாதா? பிடியே இல்லாது சுருட்டிப் பரணில் எறிந்த படத்தைக் கரையான் தின்பதை யார் அறியார்? தடை சரியானதே. மிதவை முறை பிடியை விடச் சொல்லவில்லை. தாளின் எடையைத் தாங்கும் அளவுக்குப் பிடி, அதன் அசைவைத் தடுக்காத அளவுக்கு இடம் என்று அளவறியச் சொல்கிறது. மற்றொரு தடையும் உண்டு. பூசைப் படம் கலைக்கூடத்துப் பொருளா? சந்தனமும் குங்குமமும் ஏற்றுத் தேய்ந்து போவதே அதன் பயன் அன்றோ? ஆம், பயன்பட்டுத் தேய்வது சிதைவு ஆகாது, நிறைவேயாகும். ஆயினும் வழித்தோன்றல்களுக்கு வேண்டும் என்று ஒன்றை வைத்துக்கொள்ளத் துணிந்தவன், அதனைக் கெடாமல் வைத்துக்கொள்ளும் கடனையும் ஏற்றவனாகிறான். பற்று கணக்கேட்டில் கடனாக எழுதப்படுவது இதனால் போலும்!

தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. ஓலைச்சுவடியின் ஏடுகளை எவரும் பசையிட்டு ஒட்டவில்லை. ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினர். கயிறு ஏடுகளைச் சிதறாமல் காத்தது. புரட்டுவதற்கும் இடம் தந்தது. கயிறு இற்றபோது புதுக்கயிறு கோத்தனர். ஏடு நைந்தபோது புதிய ஏட்டில் படியெடுத்தனர். அந்தக் கட்டு காத்தது; சிறைப்படுத்தவில்லை.

சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் வீழ்ந்தன, செம்பனை எழுந்தது. பல குடும்பங்கள் லயத்தை விட்டு நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. பெயரும் நாளில் சுவரிலிருந்து படத்தைக் கழற்றும்போதுதான் அது எவ்வாறு பிடிக்கப்பட்டிருந்தது என்பது புலனாகும். முழுதும் ஒட்டியது கிழிந்தே பிரியும். கீலில் தொங்கியது முழுமையாகப் புது வீடு சேரும்.

மொழியும் பண்பும் அவ்வாறே. தோட்டத்துச் சூழலோடு மட்டும் ஒட்டவைத்த தமிழ், சூழல் மாறும்போது கிழியும். கேள்வி கேட்கவும் புதியது சேர்க்கவும் இடம் தந்து ஆசிரியர் கற்பித்த தமிழ், மாணவன் எங்குச் சென்றாலும் அவனுடன் செல்லும். அவனை அசையாது பிடித்துவைப்பது ஆசிரியர் பணியன்று. வீழாது தாங்குவதே பணி. இழுபறி நேரும்போது கிழிய வேண்டியது தம் பெருமிதமேயன்றி மாணவனின் உள்ளம் அன்று என்பதை உணர்ந்த ஆசிரியரே நல்ல கீல் ஆவார்.