புத்தாக்கமும் புகழுரிமையும்

புதியதொன்றைப் படைத்தவனுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பொருளுரிமை, மற்றொன்று புகழுரிமை. பொருளுரிமையைக் காக்கச் சட்டமும் நீதிமன்றமும் இருக்கின்றன. புகழுரிமைக்கோ பெரும்பாலும் மனிதனின் மனச்சான்று ஒன்றே காவல். பிறர் கருத்தை எடுத்தாள்வது குற்றமா? எடுத்தாண்டவன் எதற்குக் கடமைப்பட்டவன்? கணினித் துறையில் எழுந்த ஒரு பூசல் இவ்வினாக்களைக் கூர்மையாக எழுப்பியது.

கணினியை இயக்கியதும் தோன்றும் முகப்புத்திரையை மேசைப்பரப்பு எனக் கொள்வது அத்துறையின் வழக்கம். அம்மேசையை அவரவர் விருப்பத்திற்கேற்ப அணிசெய்ய உதவும் மென்பொருள்களைச் செய்து விற்போர் பலர். அவர்களுள் ஆர்லோ ரோஸ், பெர்ரி கிளார்க் என்னும் இருவர், 2003 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிகளுக்கென ‘கான்ஃபாபுலேட்டர்’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். வானிலை, கடிகாரம், நாள்காட்டி என ஒவ்வொன்றையும் காட்டும் சின்னஞ்சிறு கருவிகளைத் திரையில் அது நிறுத்தியது. அக்கருவிகளுக்கு ‘விட்ஜெட்’ என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி அறிந்த எவரும் தமக்கு வேண்டிய விட்ஜெட்டைத் தாமே எழுதிக்கொள்ளலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. விலை 25 அமெரிக்க வெள்ளி.

2004 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் அடுத்த இயங்குதளமான டைகரை அறிமுகம் செய்தது. அதில் ‘டாஷ்போர்டு’ என்னும் புதிய பகுதி இருந்தது. அதிலும் சிறு கருவிகள். அவற்றிற்கும் விட்ஜெட் என்றே பெயர். அவற்றையும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். 2005 ஏப்ரல் 29இல் டைகர் விற்பனைக்கு வந்தபோது டாஷ்போர்டு அதனுடனேயே கிடைத்தது. தனி விலை இல்லை. கணினியோடு சேர்ந்தே வரும் ஒன்றை 25 வெள்ளி கொடுத்து வாங்குவார் யார்? இருவரின் பிழைப்பே கேள்விக்குறியாயிற்று. அறிமுகம் நடந்த மாநாட்டில், நகலெடுக்கும் பொறிகளை முடுக்கிவிடுமாறு மைக்ரோசாஃப்டைக் கேலிசெய்யும் பதாகையை ஆப்பிள் தொங்கவிட்டிருந்தது. கான்ஃபாபுலேட்டர் தரப்பினர் அதே கேலியை ஆப்பிளின் ஊராகிய கூப்பர்டினோவின் பெயரிட்டுத் திருப்பிவிட்டனர்.

இவ்வளவில் தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. ஆயினும் மறுபக்கமும் கேட்கத்தக்கதே. 1984இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷிலேயே கணக்கிடும் கருவி, கடிகாரம், குறிப்பேடு ஆகிய சிறு துணைக்கருவிகள் மேசைப்பரப்பில் இடம்பெற்றிருந்தன. விண்டோஸ் கணினிகளுக்காக ஸ்டார்டாக் நிறுவனம் செய்த ‘டெஸ்க்டாப்எக்ஸ்’ மென்பொருளும் கான்ஃபாபுலேட்டருக்கு முற்பட்டது. மேலும், டாஷ்போர்டின் விட்ஜெட்டுகள் இணையப் பக்கங்கள் அமைக்கப்படும் முறையிலேயே அமைந்தவை. கான்ஃபாபுலேட்டரின் உள்ளமைப்பு வேறு. தோற்றம் ஒத்திருந்தது, கட்டுமானம் ஒத்திருக்கவில்லை.

பின்னோக்கிச் செல்லச் செல்ல முதல்வன் விலகிக்கொண்டே போகிறான். மேசைப்பரப்பு என்னும் கருத்தையே ஆப்பிள் தனியாகக் கண்டுவிடவில்லை. அந்நிறுவனத்தார் 1979இல் பாலோ ஆல்டோவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வகத்திற்குச் சென்று, அங்கு உருவாகியிருந்தவற்றைக் கண்டு வந்தனர். அதே ஆப்பிள், தன் திரையின் தோற்றத்தை விண்டோஸ் பின்பற்றியது என 1988இல் மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடுத்தது. 1994இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பதிப்புரிமைச் சட்டம் கருத்தைக் காப்பதில்லை. கருத்தை வெளியிட்ட வடிவத்தையே காக்கிறது. அச்சட்டம் ஒருவகையில் நன்மையே. கருத்துகளுக்கு வேலியிட்டால் கல்வி ஏது, கைத்தொழில் ஏது?

அப்படியாயின், எல்லாரும் கடன்வாங்கியவர்களே. ஆதலால் எவரும் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர் என்று சிலர் வாதிடக்கூடும். இவ்வாதத்தில் பிழை உள்ளது. எல்லாரும் கடன்வாங்கியவர்கள் என்றால் எல்லாரும் கடன்பட்டவர்கள் என்பதன்றோ முடிபு?

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபு ஒரு தெளிவைத் தருகிறது. நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தியது. வழிநூல் செய்வதை அம்மரபு இழிவாகக் கருதவில்லை. தொல்காப்பியத்தின் வழியில் வந்த நன்னூலே அதற்குச் சான்று. ஆனால், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’ என்பதையும் அது வைத்தது. எடுத்துக்கொள்வதற்குத் தடையில்லை; எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழியின் நூல்மரபு இவ்வாறு அமைந்ததில் வியப்பில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் இருதரப்பும் அதற்கு உட்பட வேண்டும். பெரிய நிறுவனம் இரண்டு தனிமனிதர்களின் பெயரைச் சொல்வதால் சிறுத்துவிடாது. அவ்விருவரும் தமக்கு முன் 1984இல் உழைத்தோரை நினைவுகூர்வதால் அவர்தம் படைப்பின் அழகு குன்றிவிடாது. எனினும் கடமையின் பாரம் வலியவன்மீதே மிகுதி. எளியவனிடமிருந்து சந்தையும் வருவாயும் கைமாறிப் போகும்போது அவனுக்கு எஞ்சுவது பெயர் ஒன்றே. அதையும் மறைப்பது உழைத்தவனின் உழைப்பையே இல்லையென்பதற்கு ஒப்பாகும்.

2005 ஜூலையில் யாகூ நிறுவனம் கான்ஃபாபுலேட்டரை விலைக்கு வாங்கி இலவசமாக வழங்கியது. 2012இல் அப்பணியை நிறுத்தியது. 2019இல் டாஷ்போர்டையும் ஆப்பிள் தன் இயங்குதளத்திலிருந்து நீக்கிவிட்டது. பூசலிட்ட இரண்டு பொருள்களும் இன்று வழக்கில் இல்லை. யார் வழிகாட்டினார், அவர் பெயர் சொல்லப்பட்டதா என்னும் வினா மட்டும் நிற்கிறது.

அவ்வினா வகுப்பறைக்கும் உரியதே. பிறர் கருத்தை அழகாக எடுத்தெழுதிய மாணவனிடம், “இதை எங்கே கற்றாய்?” என்று ஆசிரியர் கேட்பது திருட்டைக் கண்டுபிடிக்கும் விசாரணையாக அமைந்துவிடலாகாது. கற்ற இடத்தைச் சொல்வது பெருமை என்று அம்மாணவன் உணரும்படி கேட்க வேண்டும். அவ்வாறு பழகியவன் நாளை எந்தத் தொழிலில் எத்துணை உயர்ந்தாலும், தனக்கு முன் நடந்தவனின் பெயரைச் சொல்லத் தயங்கமாட்டான்.