ஈ, தா, கொடு



ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்பது மிக எளிய வினைச்சொல். அரசனுக்குக் காணிக்கை வைத்தாலும், நண்பனுக்கு நூல் தந்தாலும், இரவலனுக்குக் காசு இட்டாலும் அம்மொழிக்கு அவ்வொரு சொல்லே போதும். நம் தமிழ் இலக்கணமோ மூன்று சொற்களை வகுத்தது. ஒரு பொருளை வேண்டுங்கால், தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். இது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் முறை.

சொல்லில் இருந்த ஏற்றத்தாழ்வு வாழ்விலும் இருந்தது. ‘ஈ’ என்று கேட்பதற்கே பிறந்தவர் என நம் முன்னோர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அவர்கள் உழுது விளைத்த நெல்லே அவர்களுக்குப் பிச்சையாகத் திரும்பி வந்தது. தொலைவில் நின்று ஏந்திய கையில், தீண்டாமல், மேலிருந்து விழுந்தது. அது தானமா? பகவான் புத்தரின் அறத்தின்படி அன்று.

நல்லோர் கொடுக்கும் முறை ஐந்து என்று அங்குத்தர நிகாயம் உரைக்கிறது. மரியாதையோடு கொடுத்தல், பெறுபவரை எண்ணி மதித்துக் கொடுத்தல், தன் கையாலேயே கொடுத்தல், கழித்துப் போடத்தக்கதைக் கொடாமை, செயலுக்குப் பயன் உண்டு என்னும் தெளிவோடு கொடுத்தல். ஆதலால்தான் பாத்திரம் ஏந்திய பிக்கு வாய் திறந்து இரப்பதில்லை, மௌனமாக நிற்கிறார். அன்னம் இடுபவரோ அவரை வணங்குகிறார். இங்கே கொடுப்பவன் செருக்குறவும் இடமில்லை. பெறுபவன் கூசவும் இடமில்லை.

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தை நாள்தோறும் ஓதுகிறோம். பாலியில் ‘தின்னம்’ என்றால் கொடுக்கப்பட்டது. ‘அதின்னம்’ என்றால் கொடுக்கப்படாதது. கொடுக்கப்படாததை எடுத்தலினின்று விலகுவேன் என்பதே அச்சீலம். பூட்டை உடைப்பவன் மட்டுமே இதனை மீறுகிறான் என்று எண்ணற்க. உழைத்தவனின் கூலியைக் குறைத்து மிச்சத்தைத் தனதாக்கிக் கொண்டவன், பின்னர் ஆயிரம் பேருக்கு அன்னமிட்டாலும் எடுத்தது எடுத்ததே.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர், சந்திரமணி மகாஸ்தவிரரிடம் திரிசரணமும் பஞ்சசீலமும் பெற்றார். பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொண்டாரா? இல்லை. அன்றே, அவ்விடத்திலேயே, திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே அவற்றை வழங்கினார். 22 உறுதிமொழிகளையும் ஏற்பித்தார். அவற்றுள் ஒன்று பத்துப் பாரமிதைகளைப் பேணுவது. அப்பத்தில் முதலாவது தானம்.

‘கொடுக்க எம்மிடம் என்ன உண்டு?’ என்று சிலர் கேட்கலாம். மணிமேகலையின் அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை என்னும் இல்லறத்தாள். அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரமும் ஒருத்தியின் கையிலிருந்தே தொடங்கியது. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் எழுத்தறிவிப்பதும் தானமே. அறிந்த தம்மத்தை எடுத்துரைப்பது தானங்களுள் தலையாயது.

ஒன்றை மறவாதீர். கல்வியாலும் பதவியாலும் நம்மில் சிலர் இன்று கொடுக்கும் நிலையை அடைந்துள்ளனர். நமக்கு அன்று மேலிருந்து இட்டதுபோல் நாம் எவருக்கும் இடலாகாது. ‘ஈ’ என்று நம்முன் ஒருவரும் குனியவேண்டா. ‘கொடு’ என்று நாமும் எவரையும் ஏவவேண்டா. ஒத்தோர் கூறும் ‘தா’ என்னும் சொல்லே சங்கத்தின் சொல்.

எல்லா உயிர்களும் இன்புறுக!