கூலியாளா, கூட்டாளியா?

வர்த்தகச் சகோதரர்களே!

புக்கிட் செந்தோசாவில் நம் சாப்பாட்டுக் கடை வாசலில், அந்தி நேரமானால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்து நிற்கும். கைப்பேசிச் செயலியில் வரும் ஆர்டரை வாங்கி, வீடு வீடாய்ச் சேர்ப்பிக்கும் பிள்ளைகள் அவர்கள். தோட்டம் விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. நிறுவனங்கள் அவர்களைத் தொழிலாளி என்பதில்லை. ஒப்பந்தக்காரர், கூட்டாளி என்றே அழைக்கின்றன.

கூட்டு வியாபாரம் நமக்குப் புதிதன்று. கூட்டாளி கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பான்; விலை வைக்கையில் அவனையும் கேட்போம்; இலாபத்திலும் அவனுக்குப் பங்குண்டு. இந்தப் பிள்ளைக்கோ கூலியை வைப்பதும், மாற்றுவதும், வேண்டாமென்றால் பெயரை நீக்குவதும் செயலியே. பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் மட்டும் அவன் பங்கு! இது என்ன கூட்டு?

மறுபக்கமும் உண்டு. "யாருக்கும் கைகட்டி நிற்காமல், நினைத்த நேரத்தில் ஓடுகிறேன் பாய்" என்றான் ஒரு தம்பி. அச்சுதந்திரத்தை நாம் பழிக்கவில்லை. தையற்காரரும் பலருக்குத் தைக்கிறார். ஆனால் தையற்கூலியைச் சொல்பவர் அவரே அன்றோ? கூலி இன்னதென்று வேலைக்கு முன்பே தெளிவாயிருக்க வேண்டும் என்பது மதரஸாவில் நாம் ஓதிய பாடம். பெயர் எதுவாயினும், விலையும் தண்டனையும் யார் கையிலோ, பொறுப்பும் அவர் தலையில்தான்.

சர்க்காரும் இதை உணர்ந்துள்ளது. சொக்சோவில் சந்தா கட்டும் சுயதொழிலாளருக்கு வேலை விபத்தில் உதவி கிடைக்க 2017-இல் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டு 28-இல் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் மசோதா, வழக்குத் தீர்க்க நடுவர் மன்றத்துக்கும் வழி செய்தது.

சட்டம் இருக்கட்டும், நம் கதை என்ன? மழை இரவொன்றில் ஒரு தம்பி வழுக்கி விழுந்து, முழங்காலில் இரத்தத்தோடு கடைக்குத் திரும்பினான். நாம் முதலில் கேட்டது, "குழம்பு கொட்டிவிட்டதா?" என்பதே. இஷா தொழுது அமர்ந்தபோது அக்கேள்வி நம்மைச் சுட்டது. அவன் நம் ஆளல்லன் என்று சொல்லிக் கொள்ள, ஒப்பந்தக்காரர் என்ற பெயர் நமக்கும் வசதியாயிருந்தது.

சகோதரர்களே! உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவனுக்கு ஓட்டத்துக்குத்தான் காசு, காத்திருப்புக்கு இல்லை. பொட்டலத்தை நாம் கால் மணி தாமதித்தால், அவன் கூலியைத் தாமதித்தவர்கள் நாமே. உட்கார ஒரு பலகை, குடிக்கத் தண்ணீர், சொன்ன நேரத்தில் பொட்டலம்: இவை நம் கையில் உள்ளவை. இவற்றையேனும் செய்வோமாக!